மாஹிம் சேறும் வீட்டுக் கஞ்சியும்

1. சேறு நிறம் மாறிய காலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைச் சேற்றில் இறக்கிவிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். மாட்டுங்காவில் ஒரு கல்லூரி மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் லேப். நான் பாட்டனி படித்துவிட்டு, செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, மொடமொடவென்று இஸ்திரி போட்ட காட்டன் புடவையும் புதுச் செருப்புமாக லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு வந்து நின்றேன். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைப்பார்கள் என்ற நினைப்பு. தலைவர் டாக்டர் ராமநாதன் என் காலைத்தான் பார்த்தார்.

"பீரோவுக்கு அடியில ரப்பர் செருப்பு இருக்கும்மா, அதைப் போட்டுக்கோ. அருணாசலத்தோட போய்ச் சேறு எப்படி இருக்கும்னு பாத்துட்டு வா. பைப்பெட்டெல்லாம் அப்புறம் பிடிக்கலாம்" என்றார்.

அருணாசலம் அங்கே ஆராய்ச்சி மாணவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியில் அம்மாவோடு இருந்தார். வாளியும் கரண்டியுமாக முன்னால் நடந்தார், நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். தாராவியைத் தாண்டி, கடல் நீர் ஏறி இறங்கும் மாஹிம் கழி ஓரம் போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. தோல் பதனிடும் இடங்களிலிருந்து கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அந்தக் கழியில்தான் வந்து விழும்.

"மூக்கப் பொத்தாதீங்க மிஸ். கொஞ்ச நேரத்துல அதுவே பழகிரும்" என்றார். "தண்ணி வத்துது பாருங்க. சேத்த மட்டும் பாத்துக்கிட்டே நில்லுங்க."

நின்றேன். கடல் நீர் பின்வாங்கியது. மிஞ்சியது ஈயப் பாத்திரத்தின் அடி போலக் கறுத்த சேறு. அதன்மேல் வெயில் விழுந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அங்கங்கே லேசாக மஞ்சள் தட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு பொன்னாகி, கழி ஓரம் முழுக்க யாரோ வெல்லப் பாகை ஊற்றியதுபோல ஆகிவிட்டது. யாரும் எதையும் ஊற்றவில்லை. சேற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவை அவை.

"டயாட்டம்" என்றார் அருணாசலம், தன் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுவதுபோல. "ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லு. கண்ணாடி ஓடு. தண்ணி ஏறுச்சுன்னா உள்ள போயிரும். வெயில் வந்தா வழுக்கிக்கிட்டே மேல வந்துரும். கைகால் கிடையாது, ஆனா நடக்கும்."

நான் நாற்றத்தை மறந்துவிட்டேன். புடவை முழங்கால்வரை சேறானதையும் மறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்ததற்குக் காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

2. பாசி என்ன சாப்பிடும்

அருணாசலத்தைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான். இந்த டயாட்டம் எதைச் சாப்பிடுகிறது?

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டயாட்டம் ஒரு வகைப் பாசி. உயிருள்ள எதற்கும் நைட்ரஜன் வேண்டும். பாசிகள் அதை நைட்ரேட்டாகவும் அம்மோனியாவாகவும் எடுத்துக்கொள்ளும் என்றுதான் எங்கள் பாடப் புத்தகங்கள் சொல்லின. ஆனால் தோல் கழுவிய தண்ணீரில் வருவது பெரும்பாலும் வேறு மாதிரி நைட்ரஜன். புரதம் கரைந்த துணுக்குகள், அமினோ அமிலங்கள், யூரியா. இவற்றில் நைட்ரஜன் கார்பனோடு கட்டுண்டு கிடக்கும். அதற்குத்தான் ஆர்கானிக் நைட்ரஜன் என்று பெயர். பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக்கும், பாசி அந்த அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும். அதாவது பாக்டீரியா சமைக்கும், பாசி சாப்பிடும். எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

அருணாசலம் நம்பவில்லை. நாளின் பாதி நேரம் சேற்றின் இருட்டில் அடைந்து கிடக்கிற ஜீவன், வாசலில் வந்து நிற்கிற அமினோ அமிலத்தை நேராகவே ஏன் உள்ளே இழுக்கக் கூடாது என்று கேட்டார். இதை அவர் டாக்டரிடம் கேட்டபோது நானும் அங்கேதான் டெஸ்ட் ட்யூப் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பாசி செடிடா. செடி வெளிச்சத்தையும் நைட்ரேட்டையும் வெச்சுண்டு பொழைச்சுக்கும். சாம்பார் சாதம் சாப்பிடாது" என்றார் டாக்டர்.

"சாப்பிட்டா என்ன செய்வீங்க சார்?"

"முதல்ல காட்டு. அப்புறம் பேசு. மழை வந்தா சேத்து மேல இருக்கற அந்தப் படலமெல்லாம் அடிச்சுண்டு போயிடும். அதுக்குள்ள காட்டினா உன் டாபிக் உனக்கு. இல்லேன்னா மூட்டை கட்டி வெச்சுட்டு இறால் குஞ்சு எண்ண உக்காந்துடு. நானும் மேல பதில் சொல்லணும் பாரு."

டாக்டர் கெட்டவர் இல்லை. தலைவர் நாற்காலியில் இருப்பவர்கள் பேசும் பேச்சு அது. ஆனால் அருணாசலத்துக்கு அது வாழ்வா சாவா என்ற பேச்சு. விக்ரோலியில் அவருடைய தாய்மாமா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மருமகன் என்றைக்குக் கடைக்கு வந்து உட்காருவான் என்று காத்துக்கொண்டிருந்தார். படிப்புக்கு அவகாசம் வாங்கித் தந்தது அம்மாதான், அதுவும் இந்த மழைக்காலம் வரைக்கும்தான்.

"இறாலு எண்ணுததுக்கு மாமா கடையில ஆணி எண்ணலாம் மிஸ்" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3. மல் துணி

காட்டுவது எப்படி? கதிர்வீச்சுக் கார்பன் சேர்த்த கிளைசின் எங்களிடம் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. கிளைசின் என்பது இருப்பதிலேயே எளிய அமினோ அமிலம். டயாட்டங்களை வடிகட்டிய கடல் நீரில் விட்டு, கிளைசினைச் சேர்த்து, கறுப்புத் துணி சுற்றிய பாட்டிலில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். இருட்டு ஏன் என்றால், வெளிச்சம் இருந்தால் பாக்டீரியா உடைத்து வெளியே விட்ட கரியமில வாயுவைப் பாசி ஒளிச்சேர்க்கையில் எடுத்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். பிறகு செல்களை நன்றாக அலசி, ஸ்லைடில் பரப்பி, டார்க் ரூமில், ஃபிலிமில் பூசும் ஃபோட்டோ எமல்ஷனில் முக்கி, பெட்டியில் பல நாள் மூடி வைக்க வேண்டும். கிளைசின் எந்தச் செல்லுக்குள் போனதோ அதன்மேல் எமல்ஷனில் கறுப்புப் புள்ளி விழும். சாப்பிட்டவன் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் பருக்கையைப் பார்ப்பதுபோலத்தான்.

இதற்குச் சேறு ஒட்டாத சுத்தமான டயாட்டம் வேண்டும். அதற்கு ஒரு அழகான வழி உண்டு. வெயிலில் சேற்றின்மேல் லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாளான லென்ஸ் டிஷ்யூவை விரித்தால், டயாட்டம் தானாகவே வழுக்கி அதற்குள் ஏறிக்கொள்ளும். சேறு கீழேயே தங்கிவிடும். எங்களிடம் இருந்த லென்ஸ் டிஷ்யூ தீர்ந்துபோயிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, அந்தக் காலத்தில் கேட்டால் வரும் பொருளில்லை. அருணாசலம்தான் மல் துணியைச் சொன்னார். மாட்டுங்காவில் ஒரு ஜவுளிக் கடையில் ஊதினால் பறக்கும் மல் துணியாகப் பார்த்து வாங்கினோம்.

"புதுத் துணில மில் கஞ்சி இருக்கும். அது ஒரு துளிகூட இருக்கப்படாது. பாக்டீரியாவுக்கு விருந்து வெச்ச மாதிரி ஆயிடும்" என்றார் டாக்டர்.

"எங்கம்மாட்ட குடுத்துட்டா போதும் சார். வெந்நீர்ல போட்டு அலசி எடுத்துருவாங்க" என்றார் அருணாசலம்.

மறுநாளே துணி வந்தது. பால் வெள்ளை. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. நாங்கள் மூன்று பேரும் தொட்டுப் பார்த்தோம், டாக்டர் உட்பட. மூன்று பேரும் திருப்தியாகத் தலையை ஆட்டினோம்.

4. புள்ளிகள் விழுந்த இடம்

சேற்றில் துணியை விரித்தோம். டயாட்டம் பொன்னாக ஏறியது. லேபுக்குக் கொண்டுவந்து, துணியோடு கடல் நீரில் ஓர் இரவு விட்டு, மறுநாள் கிளைசின் கொடுத்து, ஸ்லைடு போட்டு, பெட்டியில் மூடினோம். டெவலப்பரில் போட்டு எடுத்த அன்று அருணாசலம் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் முதலில் கண்ணை வைத்தவர் அவர்தான். எழுந்து டாக்டருக்கு இடம் விட்டார்.

நானும் பார்த்தேன். புள்ளிகள் இருந்தன, கொட்டிக் கிடந்தன. ஆனால் எல்லாம் பாக்டீரியாக் கொத்துகளின்மேல். கொழகொழவென்ற படலமாகப் பாக்டீரியா மொய்த்திருந்தது. டயாட்டங்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு செத்தவை போல வெறுமையாகக் கிடந்தன.

"பாத்தியா? நான் சொல்லலே?" என்றார் டாக்டர். ஜெயித்த குரல் இல்லை அது, சலிப்பான குரல். "பாக்டீரியாதான்டா. விட்டுடு."

அருணாசலம் வாளியைக் கவிழ்த்து வைத்தார். கரண்டியைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விக்ரோலி வருவதாகச் சொல்லியனுப்பப் போகிறேன் என்றார். நான் வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சேறு பொன்னாவதை ஒருமுறை பார்த்துவிட்டவளுக்கு ஆணிக் கடை என்ற சொல்லே பிடிக்காமல் போயிருந்தது.

5. நீலம்

மிச்சமிருந்த டயாட்டம் நீரை எண்ணிக்கைக்காகப் பாதுகாத்து வைப்பது என் வேலை. அதற்கு அயோடின் கரைசல் சில சொட்டு விட வேண்டும். பாசி நீர் தேநீர் நிறமாகும். எல்லா லேபிலும் தினமும் செய்கிற காரியம். யோசிக்காமல் சொட்டினேன்.

தேநீர் நிறம் வரவில்லை. பாட்டில் முழுக்க மைக்கூடு மாதிரி நீலமாகிவிட்டது.

அயோடினில் நீலமாவது மாவுச்சத்து. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் போட்டுக் காட்டுவார்களே, அதுதான். ஆனால் டயாட்டத்துக்குள் மாவுச்சத்து கிடையாது. அது சேர்த்து வைப்பது எண்ணெய். அப்படியானால் இந்த மாவுச்சத்து எங்கிருந்து வந்தது? அலமாரியில் மிச்சம் வைத்திருந்த, சேற்றையே பார்க்காத மல் துணியை எடுத்து ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளைத் துணியில் நீலம் பூவாக விரிந்தது.

"சார், அருணாசலம், ரெண்டு பேரும் இங்க வாங்கோ" என்று கத்தினேன். அந்த லேபில் அதற்கு முன் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

டாக்டர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அருணாசலத்தைப் பார்த்தார். "மில் கஞ்சி போகலையாடா?"

"அம்மா வெந்நீர்ல அவிச்சு எடுத்தாங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன். பொறவு சாமான் வாங்கக் கடைக்குப் போயிட்டேன்."

அரை மணியில் நானும் அவரும் தாராவியில் இருந்தோம். அவர் அம்மா ஆவுடையம்மாள் வாசலில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கொடியில் தொங்கிய அத்தனையும் அட்டை மாதிரி விறைத்து நின்றன. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எம்மா, அந்த மல்லுத் துணில கஞ்சி இருந்துச்சா?" என்று கேட்டார் அருணாசலம்.

"ஒரு பொட்டு கிடையாது. மூணு தண்ணி அலசுனேம்லா. மில்லுக் கஞ்சி போணும்னு சொன்ன, போயிட்டு."

"அப்ப இது என்ன?"

"இது வீட்டுக் கஞ்சி" என்றார் ஆவுடையம்மாள், இதுகூடவா தெரியாது என்பதுபோல. "பச்சரிசிக் கஞ்சி, துணியில வடிகட்டி, கட்டியில்லாமப் போட்டது. தண்டவாளம் மாதிரி தேய்ச்சும் குடுத்தேன். கஞ்சி போடாத துணிய எப்படில ஆபீசுக்குக் குடுத்தனுப்ப? நொளநொளன்னு கிடந்தா, என்ன பொம்பளன்னு அந்த டாக்டரு நெனைக்க மாட்டாரா?"

அருணாசலம் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நான் என் புடவையைப் பார்த்துக்கொண்டேன். அதுவும் கஞ்சி போட்டதுதான். டாக்டரின் சட்டையும் அப்படித்தான். விறைப்பாக இருந்தால்தான் துணி சுத்தம் என்று வளர்ந்த மூன்று பேர், தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறோம். எந்த வெள்ளைக்கார லேபிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. ஓர் இரவு முழுக்கப் பாக்டீரியாவுக்கு நாங்களே பச்சரிசி பரிமாறிவிட்டு, காலையில் பார்த்து, ஆஹா பாக்டீரியா எத்தனை என்று வியந்திருக்கிறோம்.

விஷயம் புரிந்ததும் ஆவுடையம்மாள் முகம் வாடிவிட்டது. "எம் புள்ள படிப்புல நானா மண்ணள்ளிப் போட்டேன்?" என்றார் என்னிடம்.

"இல்லேம்மா. தப்பு எங்கேன்னு தெரிஞ்சுடுத்து. இன்னொரு தரம் பண்ணலாம்" என்றேன். குப்பியில் இன்னொரு தரத்துக்குக் கிளைசின் இருந்தது. வானத்தில் மட்டும் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆவுடையம்மாள் மறுபடி துவைத்த துணியை எங்களிடம் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கஞ்சி இல்ல. நீலம் இல்ல. சோப்புகூட இல்ல. பாக்கத்தான் சகிக்கல. கொண்டு போங்க."

வாங்கிய இடத்திலேயே அயோடின் சொட்டினேன். பழுப்பாகவே இருந்தது. ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

6. ஓடங்கள்

இந்த முறை டாக்டரும் எங்களோடு சேற்றுக்கு வந்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நாங்கள் துணியை விரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சத்தம், திரும்பினால் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு நிற்கிறார். சேறு பொன்னாவதைக் கடைசிவரை நின்று பார்த்தார்.

அன்று இன்னொன்றும் செய்தோம். ஏறிய டயாட்டங்களில் ஒரு பங்கை முதலிலேயே ஃபார்மலினில் கொன்றுவிட்டு, அதற்கும் அதே கிளைசினைக் கொடுத்தோம். செத்தது சாப்பிடாது. அதன்மேலும் புள்ளி விழுந்தால், அது வெறும் ஒட்டல் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்லைடுகள் பெட்டிக்குள் இருந்த நாட்களில் அருணாசலம் மெலிந்தே போனார். மாமா இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்த காலையில் முதல் மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கின்கீழ் நானே டெவலப் செய்தேன். அலசி, காயவைத்து, முதலில் செத்த ஸ்லைடை வைத்தோம். சுத்தமாக இருந்தது. அடுத்து உயிருள்ளது.

அருணாசலம் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. நான் பொறுக்க முடியாமல் தோளைத் தட்டிவிட்டேன். விலகினார். கண் கலங்கியிருந்தது.

பார்த்தேன். சின்னச் சின்ன ஓடங்கள். ஒவ்வொரு ஓடத்தின் மேலும் கறுப்புப் புள்ளிகள், எள்ளைத் தூவியதுபோல. சுற்றிலும் வெளி. அங்கங்கே ஒரு பாக்டீரியா, அதன்மேலும் சில புள்ளி. ஆனால் ஓடங்கள், ஓடங்கள் நிறைந்திருந்தன. இருட்டில், யாரும் சமைத்துத் தராமல், கிளைசினைத் தாமே எடுத்துக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஸ்லைடை மாற்றிப் பார்த்தார், செத்ததைத் திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அந்த அம்மாவை அழைச்சுண்டு வா" என்றார்.

ஆவுடையம்மாள் குடையை வாசலில் வைத்துவிட்டு, தன் மொடமொடப்பான நூல் புடவையில், ஏதோ விசாரணைக்கு வந்தவர்போல நின்றார். அருணாசலம் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். ஒரு கண்ணை மூடச் சொல்லிக் கொடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஓடம் மாதிரில்லா இருக்கு. மேல என்னல கறுப்பா?"

"நாங்க குடுத்த சாப்பாடும்மா. அது எங்க போச்சோ அங்க கறுப்பு விழும்."

ஆவுடையம்மாள் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "அப்ப நல்லாத்தான் சாப்பிட்டிருக்கு" என்றார்.

அருணாசலம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதிடுடா" என்றார். "பேப்பர்ல மட்டும் 'சாப்பிட்டது'ன்னு போடாம 'அப்டேக்', உள்ள இழுத்துண்டதுன்னு எழுது. அம்மா சொன்னதும் அதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அருணாசலம் விக்ரோலிக்குப் போனார். மாமாவிடம் கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

நாங்கள் காட்டியது ஆர்கானிக் நைட்ரஜனுக்கு டயாட்டத்தின் கதவு திறக்கிறது என்பதை மட்டும்தான். அந்த நைட்ரஜன் உள்ளே போய் என்னவாகிறது, எத்தனை பங்கு பாசிக்கு, எத்தனை பங்கு பாக்டீரியாவுக்கு என்பதையெல்லாம் எங்களைவிட நல்ல கருவி வைத்திருந்தவர்கள் பின்னால் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த லேபில் கிடைத்த பாடம் சின்னது. யார் சாப்பிட்டார்கள் என்று விசாரிக்கிறவர்கள், தாங்கள் என்ன பரிமாறினோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை, பிரமாதமான ரிசல்ட் என்று யார் ஓடிவந்தாலும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "துணில அயோடின் விட்டுப் பாத்தாச்சா?" சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போய், விட்டுப் பார்ப்பார்கள்.